விற்ற ஸ்கூட்டருக்கு வரும் சலான்: கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். டி.என். 48 பதிவெண் கொண்ட என் ஸ்கூட்டரை இரண்டு வருடத்துக்கு முன் பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில் கொடுத்தேன். சில படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இப்போது அந்த வண்டிக்கு என் போனில் சலான் வருகிறது. தாம்பரம் பக்கம் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு இரண்டு, மூன்று பேர் போனதற்கு ஒன்று. விற்பதற்கு முன் திருச்சியில் நானே ஹெல்மெட் போடாமல் மாட்டிக்கொண்டதும் ஒன்று கட்டாமல் கிடக்கிறது. ஒவ்வொன்றும் 1,000 ரூபாய். தாம்பரம் சலானில் ஒன்று ‘விர்ச்சுவல் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது’ என்று காட்டுகிறது. நேற்று வாட்ஸ்அப்பில் ஐந்தாவதாக ஒரு சலான் வந்தது, ஒரு ஃபைலை இறக்கிப் பார்க்கச் சொல்கிறது. ஆறு மாதம் விட்டால் எல்லாம் காலாவதியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். 6,000 ரூபாய் கொடுத்தால் மொத்தத்தையும் முடித்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் என்ன செய்ய வேண்டும்? போலீஸ் வீட்டுக்கு வருமா? அடுத்த வருடம் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதில் சிக்கல் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அந்த ஃபைலைத் திறக்காதீர்கள். போக்குவரத்துக் காவலோ ஆர்.டி.ஓ.வோ சலானைப் பார்ப்பதற்கு வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பி போனில் ஏற்றச் சொல்வதில்லை. இப்படி வருபவை பெரும்பாலும் ‘ஏ.பி.கே.’ என்று முடியும் செயலி ஃபைல்கள், அதை ஏற்றினால் உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. முழுக்க வேறு ஒருவன் கைக்குப் போகும். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

மீதி நான்கு சலான்களுக்கு வருவோம். இதில் யார் என்ன சொன்னாலும், அரசுத் தளத்தில் சலான் பதிவைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், யாருக்கும் எந்த ஒப்புதலும் கொடுக்காதீர்கள். உங்கள் அண்ணன் சொல்வது சரியா, ஏஜென்ட் சொல்வது சரியா, வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டதா என்பதெல்லாம் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பணம் வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் போதும்.

வண்டிப் பதிவு, உரிமம் போன்றவற்றுக்கான மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் இ-சலான் என்று ஒரு பகுதி இருக்கிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். அரசுத் தளம் என்றால் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றுதான் முடியும். அங்கே சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண் மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும். ஆர்.சி. புத்தகம் கடைக்காரரிடம் போயிருக்கும். உங்கள் பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் அந்த எண்கள் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணை வைத்தே தேடுங்கள் என்று சொல்கிறேன். சலான் எண்ணை வைத்துத் தேடினால் அந்த ஒன்றுதான் வரும். வண்டி எண்ணில் தேடினால் உங்களுக்குச் செய்தியே வராத சலான்களும் சேர்ந்து வரும்.

ஒவ்வொரு சலானையும் திறந்து தேதி, நேரம், இடம், சட்டப்பிரிவு, படம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி நீங்கள் விற்ற அதே மாடலா, அதே நிறமா? சில நேரம் நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்து அழுக்கில் மறைந்து, வேறு வண்டியின் குற்றம் நம் தலையில் விழும். போலி நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் வண்டி அதேதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுங்கள், படம் பொருந்தாவிட்டால் உங்கள் பாதையே மாறிவிடும்.

அடுத்து நிலவரம். ஒரு சலான் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். இன்னும் காவல்துறையிடமே நிலுவையில் இருக்கலாம், விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம், அல்லது வழக்கமான நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். காவல்துறையிடம் இருக்கும் வரை சலானில் போட்ட தொகையை இ-சலான் பக்கத்திலேயே கட்டி முடிக்கலாம், அல்லது அதே தளத்தில் புகார் பதிவு செய்யலாம். நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் போலீஸால் அதில் எதுவும் செய்ய முடியாது. "சார், ரத்து பண்ணிடுங்க" என்று போக்குவரத்து ஆய்வாளரிடம் நடையாக நடப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் போன வழக்கில் அவர் கையில் அதிகாரமே கிடையாது.

விர்ச்சுவல் கோர்ட் என்பது ஆள் போகத் தேவையில்லாத நீதிமன்றம். இந்தியாவில் முதலில் 2019-ல் டெல்லியில் வந்தது, அப்புறம் சென்னை உட்படப் பல இடங்களுக்கு வந்தது. அதற்குத் தனி அரசுத் தளம் இருக்கிறது. பட்டியலில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து மொபைல் எண், பெயர், வண்டி அல்லது சலான் எண், சி.என்.ஆர். எனும் வழக்கு அடையாள எண் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் வழக்கு வரும். நீதிபதி விதித்த அபராதம் எவ்வளவு என்று அங்கே தெரியும். கட்டினால் வழக்கு முடிந்தது. கட்ட விருப்பம் இல்லை என்றால் ‘வழக்கை எதிர்க்க விரும்புகிறேன்’ என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. அதை அழுத்தினால் வழக்கு, குற்றம் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்துக்கு மாறிவிடும். இதைத் திரும்பப் பெற வழி கிடையாது என்று நினைத்துக்கொண்டு, யோசித்து அழுத்துங்கள். உங்கள் வழக்கு தாம்பரத்துக்குத்தான் போகும், ஸ்ரீரங்கத்துக்கு வராது.

வழக்கமான நீதிமன்றத்துக்குப் போன வழக்கை, நீதிமன்ற வழக்குகளின் நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்திலோ அதன் செயலியிலோ தேட வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அது கையில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். சம்மன் வந்திருந்தால் அதிலும், விர்ச்சுவல் கோர்ட் பக்கத்திலும் அது இருக்கும். இல்லாவிட்டால் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, ‘பார்ட்டி நேம்’ பகுதியில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம்.

இந்தப் பெயர்த் தேடலில்தான் நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், நடுவில் புள்ளி இருக்கலாம். ‘லட்சுமி’யை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதை முதலில் போடுங்கள், இனிஷியலை விட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். மாவட்டத்திலும் கவனம் வேண்டும். தாம்பரம் என்றதும் எல்லோரும் சென்னையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் தாம்பரம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். அங்கே தேடுங்கள். திருச்சி சலானுக்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் தேடுங்கள். இந்த மாதிரி சிறு வழக்குகள் பெரும்பாலும் ‘எஸ்.டி.சி.’ என்ற வகையில் பதிவாகும், அதாவது சுருக்கமுறை விசாரணை வழக்கு. வழக்கு கிடைத்தால் எந்த நடுவர் நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது, நிலுவையா முடிந்ததா என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வழக்கு கிடைக்கவில்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெட்டி கேஸ்களைப் பதிவேற்றுவதில் தாமதம் ஆவது உண்டு. சந்தேகம் இருந்தால் சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்தில், அந்தச் சலான் எண்ணைச் சொல்லி, நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டீர்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒருவர் இருப்பார், அவருக்கு விவரம் தெரியும். வழக்கு முடிந்து தீர்ப்பின் நகல் வேண்டும் என்றால் அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். வழக்கில் நீங்களே ஒரு தரப்பு என்பதால் அது உங்கள் உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இனி உங்கள் அண்ணன் சொன்ன ஆறு மாதக் கணக்கு. அவர் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்கு தொடர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற மாதிரி அது வேலை செய்யாது. ஆறு மாதம் என்பது காவல்துறை நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்வதற்கான கெடு. அதற்குள் தாக்கல் செய்துவிட்டால், வழக்கு எத்தனை மாதம் ஓடினாலும் காலாவதி என்ற பேச்சே இல்லை. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு, அது 519-வது பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே, காலம் கடந்துவிட்டது என்பது நீதிமன்றத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டிய வாதம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தால் சலான் தானாக அழியாது. ஆர்.டி.ஓ. பதிவில் அது நிலுவை என்றே நிற்கும், பெயர் மாற்றத்துக்குப் போகும்போது குறுக்கே வரும்.

இது தவிர கேமரா பிடித்த சலான்களுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்று ஒரு விதி 2021-ல் வந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வழக்கு முடியும் வரை அந்த மின்னணுப் பதிவைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் தாம்பரம் சலான்கள் காவலர் கையால் படம் எடுத்துப் போட்டவையா, நிலையான கேமராவா என்று பாருங்கள். கேமரா என்றால் குற்றத் தேதிக்கும் உங்களுக்கு அறிவிப்பு வந்த தேதிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வையுங்கள். எதிர்க்க நேர்ந்தால் உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தேதியாகத்தான் இருக்கும்.

சரி, நான்கில் எதைக் கட்டுவது?

திருச்சியில் நீங்கள் ஹெல்மெட் போடாமல் போனது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டிவிடுங்கள். இன்னும் காவல்துறையிடம் இருந்தால் இ-சலான் பக்கத்திலேயே, நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் நீதிமன்றம் சொல்லும் தொகையை. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் என்றது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் அரசாணை போட்டு இந்த உயர்ந்த தொகைகளை வசூலிக்க ஆரம்பித்தார்கள். ஆயிரம் ரூபாய் ஓர் ஆசிரியைக்குச் சிறிய தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்த தவறுக்கு வந்த சலானைக் கட்டி முடித்து ரசீது எடுத்து வைத்துக்கொண்டால், மற்ற மூன்றில் "இது நான் இல்லை" என்று நீங்கள் சொல்லும்போது பேச்சில் ஒரு வலு இருக்கும்.

அந்த மூன்றையும் உங்கள் பணத்தில் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. மொத்தம் 3,000 ரூபாய்தானே, தொல்லை விட்டது என்று பலர் கட்டிவிடுகிறார்கள், புரிகிறது. ஆனால் கட்டுவது வெறும் பணம் கொடுப்பது அல்ல, குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு, இப்படிச் சமரசமாக முடித்த குற்றமும், பின்னால் அதே குற்றம் நடந்தால் முன்பு ஒருமுறை செய்ததாகவே கணக்கில் வரும் என்கிறது. ஹெல்மெட் போடாததற்கும் (194-டி) மூன்று பேர் போனதற்கும் (194-சி) சட்டத்தில் ஆயிரம் ரூபாய் மட்டும் இல்லை, மூன்று மாதம் உரிமம் இழப்பதும் சேர்ந்தே எழுதியிருக்கிறது. ஓட்டியது யாரோ, அதை நான்தான் செய்தேன் என்று பதிவாக எதற்கு இடம் கொடுக்க வேண்டும்? அதோடு, மூன்றைக் கட்டினாலும் நான்காவது வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உண்மையில் நான் கவலைப்படுவது இந்த மூவாயிரத்தைப் பற்றியே அல்ல. ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருப்பதைப் பற்றி. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் நிலை. 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விபத்து வழக்கு வந்தது. பதிவு பெற்ற உரிமையாளர் காரை விற்று, அது கை மாறிக் கை மாறிப் போயிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஸ்கூட்டருக்கு இன்று இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. அதை ஓட்டுகிறவர் நாளை யார் மீதாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத நிலையில், லட்சக் கணக்கில் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். இந்தச் சலான்கள் அப்படி ஒன்று நடக்கும் முன்னே உங்களை எழுப்பிவிட்டன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி விற்றவர், மாநிலத்துக்குள் விற்பனை என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குப் படிவம் 29-ல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை இவையாகத்தான் இருக்கும். கடையில் மேஜை டிராயரில் தூங்குகின்றன. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கும் ஒரு நடைமுறை வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுக்கும்போது படிவம் 29-சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதிலிருந்து அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். நீங்கள் கொடுத்த கடைக்கு அந்த அங்கீகாரம் இருந்ததா, அப்படித் தெரிவித்தார்களா என்று கேளுங்கள். தெரிவித்திருந்தால் உங்கள் வேலை மிகவும் சுலபம்.

இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். விற்றதற்கான ஆதாரம் என்னவெல்லாம் இருக்கிறதோ திரட்டுங்கள். டெலிவரி நோட், பணம் வந்த வங்கிப் பதிவு, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், வாங்கியவரின் ஆதார் நகல் கிடைத்தால் அது. கடைக்கு நேரில் போங்கள், அண்ணனையும் அழைத்துக்கொண்டு போங்கள். வண்டி யாருக்குப் போனது என்ற பெயரும் போன் எண்ணும் வேண்டும் என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவின்படி, வண்டியை ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் தனக்குத் தெரிந்த விவரத்தைத் தர வேண்டும். "நான் உங்கள் பெயரையும் அவர் பெயரையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே வாங்கியவருக்குப் போன் போகும். சலானை அவரே கட்டிப் பெயரை மாற்றிக்கொண்டால் அதுதான் எல்லோருக்கும் நல்ல முடிவு. சலான் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்றம் தடைபடும் என்பதால் அவருக்கும் கட்டுவதைத் தவிர வழியில்லை.

கடைக்காரர் கையை விரித்தால் மூன்று கடிதங்கள் எழுத வேண்டும். ஒன்று ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ.வுக்கு, வண்டியை இன்ன தேதியில் இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன், பதிவில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டாவது, சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு, அதே ஆதாரங்களோடு. மூன்றாவது, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் எழுந்து வராதீர்கள். முதல் இரண்டையும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இந்தக் காகிதங்கள் உங்களை முழுமையாக விடுவிக்கும் என்று சொல்ல மாட்டேன், பெயர் மாறினால்தான் முழு விடுதலை. ஆனால் சலான் வழக்குகளில் ஓட்டியது நீங்கள் இல்லை என்று காட்ட இவை நன்றாகவே உதவும்.

வீட்டுப் பெண்கள் பெயரில் வண்டி வாங்குவதும், பிறகு ஆண்கள் அதை விற்றுவிட்டுப் பெயர் மாற்றத்தை மறப்பதும் நம் ஊரில் சாதாரணம். சம்மன் வருவது மட்டும் அந்தப் பெண்ணின் பெயருக்கு. கோர்ட் வாசலில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். படிவம் 29-ன் ஒரு நகலைக் கையில் வாங்கி வைத்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் அங்கே நிற்க வேண்டியிருக்காது.

விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போன அந்த ஒரு தாம்பரம் வழக்கைக் கடைசியாகத் தொடுங்கள். வாங்கியவர் கிடைத்து, அவரே கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. கிடைக்காவிட்டால், ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் எதிர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி மாறிய வழக்குக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. இந்த வகை வழக்கில் வழக்கறிஞர் மூலம் ஆஜராக மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-வது பிரிவே இடம் கொடுக்கிறது. தாம்பரத்தில் ஒரு வழக்கறிஞருக்கு வக்காலத்து கொடுத்தால் போதும். கட்டணம் முடியாது என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். திருச்சி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறார்கள் என்று சுற்றும் வீடியோக்கள் பெரும்பாலும் வெளி மாநிலங்களைப் பற்றியவை. அதை நம்பி இங்கே காத்திருக்காதீர்கள். அடுத்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கை எடுப்பார்களா என்று அதே ஆணைக்குழுவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரில் போக நேர்ந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் போய், நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு எண்ணைச் சொன்னால் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்வார்கள். நடுவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அங்கே கூட்டத்தைப் பார்த்துப் பதறி "ஆமாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "இல்லை ஐயா, வண்டியை இன்ன தேதியில் விற்றுவிட்டேன், ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள், போதும். நிரூபிக்க வேண்டியது காவல்துறையின் வேலை. சம்மன் வந்து போகாமல் இருப்பதுதான் ஆபத்து. அப்போதுதான் பிடியாணை வரை போகும். நீங்கள் கேட்கிற ‘போலீஸ் வீட்டுக்கு வருமா’ என்பதற்கும் இதுதான் பதில். சலான் கட்டாததற்காக மட்டும் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், சம்மனை அலட்சியம் செய்தால் வருவார்கள். சம்மன் இப்போது மின்னணு வழியிலும் வரலாம் என்பதால் போன் எண்ணை மாற்றிவிடாதீர்கள்.

குடித்துவிட்டு ஓட்டிய 185-வது பிரிவு இந்தக் கணக்கில் வராது, அதற்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையில் வைத்துச் சமரசமாக முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. உங்கள் வண்டி எண்ணில் தேடும்போது அப்படி ஒன்று வந்தால் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்யாமல் அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏஜென்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். நான்கு சலானும் சேர்ந்தே 4,000 ரூபாய்தான். அவர் செய்யப் போவது உங்கள் பெயரில் நான்கையும் இணையத்தில் கட்டுவது, அவ்வளவே. மற்றவர் செய்த மூன்று குற்றமும் உங்கள் கணக்கில் ஏறும், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு பற்றிய கேள்வி உண்டு. அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த வழக்குகளை முடித்துவிடுவது நல்லது. அபராதம் கட்டி முடிந்த ஹெல்மெட் சலானுக்காக பாஸ்போர்ட்டை மறுக்க மாட்டார்கள். முடிந்தது என்று காட்டும் இ-சலான் ரசீது, விர்ச்சுவல் கோர்ட் ரசீது, இ-கோர்ட்ஸில் ‘முடிந்த வழக்கு’ என்று வரும் பக்கம் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். ஏதாவது ஒன்று நிலுவையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க நேர்ந்தால், கேள்வியைப் படித்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், மறைக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இந்த வாரம் பதிவுகளைப் பார்த்துவிட்டு, வரும் சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்றால் அந்தக் கடைக்குப் போய்விடுங்கள். வாங்கியவரின் பெயர் கிடைத்ததும், கிடைக்காவிட்டாலும், எனக்கு எழுதுங்கள். ஆர்.டி.ஓ.வுக்கான கடிதத்தின் வாசகத்தை நான் தயார் செய்து தருகிறேன்.